பெரிய வீட்டுக் கொள்ளு

உங்களில் யாருக்கெல்லாம் பித்தப்பை போய்விட்டது என்று கேட்டால் பாதிப் பேர் கையைத் தூக்குவீர்கள். நம் வயது அப்படி. முன்பெல்லாம் சந்தித்தால் படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசுவோம். இப்போது எடுத்த உறுப்புகளைப் பற்றிப் பேசுகிறோம். போன மாதம் என் முறை. வெளியே எடுத்ததை ஒரு பாட்டிலில் போட்டுக் காட்டினார்கள். ஐம்பத்து மூன்று வருஷம் என்னோடு இருந்த ஒன்று, பார்க்க அவ்வளவு சுமாராக இருந்தது.

சொல்ல வந்தது அதை அல்ல. என்னைப் பார்க்க வந்தவர்களைப் பற்றி. எண்ணெய் கூடாது, நெய் கூடாது, இனிப்பு கூடாது என்று டாக்டர் எழுதிய தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன். அந்தக் கதவைத் திறந்துதான் ஆளாளுக்குப் பால்கோவாவை உள்ளே வைத்தார்கள். ஒருத்தி, படித்தவள், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவள், "ஒரே ஒரு வாய்" என்று அல்வாக் கரண்டியோடு என் முகத்துக்கு நேராக வந்தாள். நான் கத்திவிட்டேன். அவள் அழுதுகொண்டே போய்விட்டாள். ஒரு கரண்டி அல்வாவுக்கு இவ்வளவு கோபமா என்று வீட்டில் கேட்டார்கள்.

அல்வாமேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. இது பத்து வயதில் ஒரு கோடை விடுமுறையில் வந்த கோபம். ஒரு குதிரைக்காக வந்தது. இதுவரை இறக்கி வைக்க இடம் கிடைக்கவில்லை.

உத்திரமேரூரிலிருந்து வரும் பஸ்ஸில் இறங்கி ஒன்றரை மைல் நடந்தால் எங்கள் ஊர். ஊர் என்று ஒன்று, எங்கள் காலனி என்று ஒன்று, நடுவில் ஒரு வாய்க்கால். காலனியில் எல்லாரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். எங்களுக்கும் நிலம் கிடையாது. ஆனால் குதிரை இருந்தது. அப்பா காஞ்சிபுரத்தில் ஒருவரிடம் ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தார். ஆட்டோ வந்து ஜட்காவைச் சாப்பிட்டதும், முதலாளி கொட்டகையைக் காலி செய்துவிட்டு மெட்ராஸுக்கு மகன் வீட்டுக்குப் போனார். போகும்போது ஒரு பெட்டைக் குதிரையை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பெயர் வைக்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் ஒரே குதிரை. இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்லவேண்டிய தேவை வரவில்லை.

கல்யாணங்களில் மாப்பிள்ளை அழைப்புக்கு அப்பா அதை ஓட்டிக்கொண்டு போவார். எந்தச் சாதி மாப்பிள்ளை வேண்டுமானாலும் அதன்மேல் ஏறலாம். ஏறுவதற்கு முன்னால் ஊர் எல்லையில் நிறுத்தி அதன்மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். எங்கள் தெருவிலிருந்து வந்த அழுக்கு அதில் போய்விடுமாம். கயிற்றைப் பிடித்த அப்பாவின்மேல் தெளிக்க மாட்டார்கள். அவர் அழுக்கு போகாத வகை என்று முடிவு செய்திருந்தார்களோ என்னவோ.

அந்த வருஷம் பங்குனியில் காவாந்தண்டலத்தில் ஒரு கல்யாணம். கல்யாண வீட்டார் நல்லவர்கள். நான் சொல்லப்போகும் கெடுதல்கள் எல்லாமே நல்லவர்கள் செய்தவை. பந்தி முடிந்ததும் மிஞ்சிய சாம்பார் சாதம், வடை, கேசரி எல்லாவற்றையும் ஓர் அண்டாவில் கொட்டிக் குதிரைக்கு வைத்தார்கள். அப்பா மறுக்கவில்லை. கல்யாண வீட்டில் வைத்ததை எப்படி மறுப்பது? குதிரை, வாழ்க்கையில் முதல்முறையாக, கேசரி தின்றது.

மறுநாள் காலையில் அது தரையில் புரண்டது. எழுந்து தன் வயிற்றைத் தானே திரும்பிப் பார்த்தது. காலால் மண்ணைப் பறித்தது, மறுபடி புரண்டது. உடம்பெல்லாம் வேர்வை நுரை. பக்கத்து ஊர் மாட்டு டாக்டர் வந்து வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "குடல் முறுக்கிக்கிச்சு. மெட்ராஸ் இட்டுக்கினு போ, இன்னிக்கே" என்றார். செங்கல் ஏற்றப் போன ஒரு லாரியில் குதிரை போனது. அங்கே பெரிய மாட்டாஸ்பத்திரியில் அதன் வயிற்றை ஒன்றரைச் சாண் கிழித்து, குடலை வெளியே எடுத்து, முறுக்கைப் பிரித்து, உள்ளே வைத்துத் தைத்தார்கள். படிக்கிற பிள்ளைகள் நாற்பது பேர் சுற்றி நின்று எழுதிக்கொண்டார்களாம். அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "கொடலு எம்மா நீளங்கீது தெரியுமா" என்று மட்டும் அடிக்கடி சொன்னார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அது திரும்பி வந்தபோது எனக்கு முழுப்பரீட்சை முடிந்திருந்தது. லாரியிலிருந்து பலகையில் ஓரடி ஓரடியாக இறங்கியது. இடுப்பெலும்பு இரண்டும் தோலைக் குத்திக்கொண்டு நின்றன. வயிற்றில் மயிரைச் சிரைத்து ஊதா மருந்து தடவியிருந்தார்கள். அந்த மருந்தும் குதிரை வேர்வையும் கலந்த ஒரு நெடி; இன்றைக்கும் ஆஸ்பத்திரி நடையில் எங்காவது அது வந்தால் நான் நின்றுவிடுவேன்.

டாக்டர் ஒரு தாள் கொடுத்திருந்தார். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் வாயாலும் சொல்லி அனுப்பியிருந்தார். பச்சைப் புல், அதுவும் தண்ணீரில் அலசி, கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு ஏழெட்டுத் தடவை. தவிட்டுக் கஞ்சி. வேறு எதுவும் கூடாது. கொள்ளு கூடவே கூடாது. உள்ளே போய் ஊதும். மூன்று மாதம் யாரும் மேலே ஏறக்கூடாது. குதிக்கக்கூடாது. வயிற்றில் ஈரம் கசிந்தால் உடனே வர வேண்டும். உள்தையல் பிரிந்தால் குடல் கீழே இறங்கிவிடும், அப்புறம் கொண்டு வந்து பயனில்லை.

தாளை என்னிடம் கொடுத்தார் அப்பா. "நீதான் படிச்சவ. நீயே பாத்துக்க."

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ பட்டம் வாங்கியிருக்கிறேன். ஒருவரும் அவ்வளவு நம்பிக்கையோடு எதையும் என்னிடம் ஒப்படைத்ததில்லை. அந்த நம்பிக்கை எதுவரைக்கும் என்பது பிறகு தெரிந்தது.

அம்மா குதிரையைச் சுற்றி வந்து பார்த்தாள். ஊதா மருந்தையும் தையலையும் குனிந்து பார்த்தாள். பிறகு தன் பழைய நூல் புடவை இரண்டை நீளவாக்கில் சேர்த்துத் தைத்து, உள்ளே சாக்கு வைத்து, வயிற்றோடு சுற்றி முதுகில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றுக் கட்டு கட்டுவார்களே, அதே கட்டு. "இறுக்கிக் கட்னாத்தான் வவுறு எறங்காது" என்றாள். எந்தப் புத்தகத்திலும் படிக்காமல் அவள் செய்தது முழுக்கச் சரி. இந்தக் கதையில் எனக்குக் கோபம் வராத பெரியவர்கள் இரண்டு பேர்தான். டாக்டர் ஒருவர், அந்த முடிச்சு போட்ட நிமிஷத்து அம்மா இன்னொருவர். அடுத்த நிமிஷத்து அம்மா சேர்த்தி இல்லை.

ஏனென்றால் அடுத்த நிமிஷமே பார்க்க வருகிறவர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு உயிர் வீடு திரும்பினால் போய்ப் பார்க்க வேண்டும். வெறுங்கையோடு போகக்கூடாது. இந்தச் சட்டத்தில் மனுஷன், குதிரை என்று எங்கள் பக்கம் பிரித்துச் சொல்லவில்லை. ஒருத்தி பன் வாங்கி வந்தாள். ஒருவர் கேழ்வரகுக் களி. எதிர்வீட்டுக் கிழவி வயிற்றுக் கட்டை உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னாடி, பெத்தவளுக்குக் கட்ற மாதிரி கட்டிக்கீற, கொயந்த எங்க?" என்றாள். குழந்தை இல்லை, குடல் என்று அம்மா விளக்கியும் அவள் மறுநாள் பூண்டு லேகியம் கிண்டிக்கொண்டு வந்தாள். "எதுவா இருந்தா இன்னா, கீசினது வவுறுதானே. ஒரு உருண்ட குடு, காத்து புடிக்காது."

நான் வழியை மறித்து நின்றேன். "குடுக்கக்கூடாது. டாக்டர் எழுதிக்கீறாரு."

"தோ பார்றா, டாக்டரம்மா!"

பெரிய சிரிப்பு. என் சிலேட்டில் ‘குதிரைக்கு யாரும் எதுவும் கொடுக்காதீர்கள்’ என்று எழுதிக் கொட்டகை வாசலில் தொங்கவிட்டேன். எழுத்து முத்து முத்தாக இருந்தது. எங்கள் தெருவில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நான்கு பேர். நால்வரும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். நால்வரில் ஒருத்தி நான்.

அன்று சாயங்காலம் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கற்றுக்கொடுத்தாள். "பெரியவங்க கைய தட்டிவுடாதடி. சிரிச்சிக்கினே வாங்கிக்க. ‘அப்பறமா குடுக்கறேன்’னு சொல்லு. அவங்க போனப்புறம் இன்னா வேணா பண்ணு." அப்படித்தான் எனக்குப் பொய் சொல்ல வந்தது. நாகரிகம் என்ற பெயரில், தாயின் வாயாலேயே. பன்னை நான் தின்றேன். களியை நான் தின்றேன். லேகியத்தைக்கூட விடவில்லை. அந்தச் சித்திரையில் குதிரையைவிட எனக்குத்தான் உடம்பு தேறியது.

இனி பெரிய வீடு.

கோடையில் ஏரி வற்றிக் கிடந்தது. பச்சை என்று கண்ணில் படுவது பெரிய வீட்டுக்காரரின் பம்புசெட் வாய்க்கால் ஓரத்தில் மட்டும். இருபது ஏக்கர் கழனி அவருக்கு. எங்கள் தெருவில் பாதிப் பேர் அவரிடம்தான் வேலை செய்தார்கள். அப்பா போய்க் கைகட்டி நின்று கேட்டதும், "அறுத்துக்கடா, போ" என்று விட்டார். அப்பாவைவிட இரண்டு வயது சின்னவர். அந்த ‘டா’வை அப்பா கேட்டதாகவே காட்டிக்கொள்ள மாட்டார். எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் காதில் எறும்பு புகுந்த மாதிரி இருக்கும்.

விடிந்ததும் அரிவாளை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போவேன். அருகம்புல் காலில் சில்லென்று படும். ஒரு கட்டு அறுத்துத் தலையில் வைத்தால் தண்ணீர் கழுத்து வழியாக முதுகுக்குள் ஓடும். கொண்டு வந்து அலசி, கைப்பிடி கைப்பிடியாகக் கொடுப்பேன். முதல் வாரம் குதிரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கேசரி தின்ற வாய். இரண்டாம் வாரம் என் கையிலிருந்து உதட்டால் மட்டும் வாங்கியது. மூன்றாம் வாரம் நான் தெருமுனையில் வரும்போதே கனைத்தது. பரீட்சையில் முதல் வந்தபோதுகூட எனக்கு அந்த மாதிரி இருந்ததில்லை.

அந்த மூன்றாம் வாரத்தில்தான் பெரிய வீட்டில் வேலை செய்கிற அக்கா ஓர் அலுமினியக் குண்டானோடு வந்தாள். மூடியைத் திறந்ததும் ஆவி. வேகவைத்த கொள்ளு, மேலே வெல்லம்.

"ஐயா குடுத்தனுப்பிச்சாரு. தெனிக்கும் வரும். குதிர துன்னாத்தான் தெம்பு வருமாம்."

என் கையிலிருந்த புல்லை அப்படியே போட்டுவிட்டு, "கொள்ளு ஆவாதுக்கா" என்றேன்.

"குதிரைக்குக் கொள்ளு ஆவாதா? போடி, பேஜார் பண்ணிக்கினு" என்று குண்டானை என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

அப்பாவிடம் காட்டினேன். அவர் குண்டானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவரு வாய்க்காலு. அவரு புல்லு. அவரு குடுத்த கொள்ள வேணான்னு எந்த மூஞ்சிய வச்சிக்கினு சொல்றது?"

"அப்ப குடுத்துர்றதா?"

அவர் தலைத்துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார். கொடு என்றும் சொல்லவில்லை, கொடுக்காதே என்றும் சொல்லவில்லை. அந்த வித்தையைப் பிற்காலத்தில் பல அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். அப்பாதான் கையெழுத்தே இல்லாமல் அதைச் செய்தவர்.

கொள்ளை நான் குதிரைக்குக் கொடுக்கவில்லை. முதல் இரண்டு நாள் நானே தின்றேன். மூன்றாம் நாள் என் வயிறே குதிரை வயிறு போல ஆனதும், பக்கத்து வீட்டு ஆடுகளுக்குக் கொட்டினேன். மூன்று ஆடுகள். நான் குண்டானோடு வருவதைப் பார்த்ததும் வேலியில் முன்னங்காலை ஊன்றி நிற்கும். அக்கா மறுநாள் வந்து வெறும் குண்டானை வாங்கிக்கொண்டு கேட்பாள்: "துன்னுச்சா?"

"துன்னுச்சிக்கா."

அவ்வளவுதான். தினம் ஒரு வார்த்தை. அது ஒரு மாதம் சேர்ந்தால் என்னவாகும் என்று பத்து வயதில் யோசிக்கத் தோன்றவில்லை.

குதிரை தேறியது. தையல் ஆறி ஒரு கயிறு போல மேடாக நின்றது. எலும்பு மறைந்தது. தேங்காய் நாரால் தினமும் தேய்த்துவிடுவேன். ஈ மொய்க்காமல் இருக்க வேப்பிலைப் புகை போடுவேன். வைகாசி பிறந்தபோது அதன் முதுகில் வெயில் பட்டால் கண் கூசியது.

ஒருநாள் காலை பெரிய வீட்டுக்காரர் எங்கள் தெருவுக்கு வந்தார். வந்தது அந்த ஒருமுறைதான். செருப்போடு கொட்டகை வாசல்வரை வந்து, மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு குதிரையைப் பார்த்தார். துண்டை எடுத்தார். சிரித்தார்.

"பாத்தியாடா! நம்ம கொள்ளு. எண்ண தடவுன மாதிரி மின்னிக்கினு கீது."

"ஐயா புண்ணியம்" என்றார் அப்பா.

"இந்த மாசக் கடைசில நம்ம பையன் கல்யாணம். மாப்ள அழைப்புக்கு இதுதான். கார்லாம் வேணாம். பேண்டு செட்டு சொல்லிக்கீறேன், நல்லா ஆட வைக்கணும், இன்னா?"

"ஆவட்டுங்க ஐயா."

ஆட வைப்பது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மேளம் கேட்டதும் குதிரை முன்னங்கால் இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கிப் போடும். மேளம் ஏறினால் பின்னங்காலில் எழுந்து நிற்கும். கல்யாணத்துக்கு வந்தவர்கள் விசில் அடிப்பார்கள். அது தானாக வந்த ஆட்டம் இல்லை. அப்பா தகரத்தைத் தட்டிக்கொண்டே பிரம்பால் முழங்காலில் அடித்து அடித்துப் பழக்கியது. மேளம் என்றால் அடி என்று அதற்குத் தெரியும். நாம் அதை ஆட்டம் என்று சொன்னோம்.

மாப்பிள்ளை நெல் மூட்டை ஒன்றேகால் இருப்பார். டாக்டர் சொன்ன மூன்று மாதத்தில் ஒன்றரைதான் ஆகியிருந்தது.

அன்றே அப்பாவிடம் சொன்னேன். "டாக்டருங்க கொஞ்சம் கூட்டித்தான் சொல்லி வைப்பாங்க. பத்து மணி பஸ்ஸுக்கு ஒம்பதரைக்கே வந்து நில்லுன்றானே, அந்த மாதிரி" என்றார். இரண்டு நாள் கழித்துத் தாளை எடுத்து வந்து உரக்கப் படித்துக் காட்டினேன். "படிச்ச திமிரு" என்றார். அதே தாளைத்தான் ஒன்றரை மாதத்துக்கு முன் வேதம் மாதிரி என் கையில் கொடுத்தவர். அழைப்புக்கு இரண்டு நாள் முன்பு அவர் சேணத்தை இறக்கி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"அப்பா, செத்துடும்பா."

எண்ணெய்த் துணி நின்றது. "வாய்க்கா புல்லு இல்லன்னா அதுக்கும் மின்னாடி செத்துடும்" என்றார். மறுபடி தேய்க்கத் தொடங்கினார்.

அந்தப் பதிலில் இருந்த நியாயம் இப்போது எனக்குப் புரிகிறது. புரிவதால் கோபம் குறையும் என்று சொல்கிறார்களே, அவர்களை நேரில் பார்த்துப் பேச வேண்டும்.

மாப்பிள்ளை அழைப்புக்கு முதல் நாள் பிற்பகல். பெரிய வீட்டு வாசலில் பந்தல் போட்டு, பெண் வீட்டார் வந்து இறங்கியிருந்தார்கள். குதிரையை எத்தனை மணிக்கு, எங்கே கொண்டு வரவேண்டும் என்று கேட்க அப்பா போனார். புல் அறுத்துவிட்டு வந்த நான் தலைச்சுமையோடு அவர் பின்னால் நின்றேன். பந்தலுக்குள் நாற்காலிகள், பெரிய வீட்டுக்காரர் பக்கத்தில் சம்பந்தி, இருவர் கையிலும் பன்னீர் சோடா.

"செத்துப்போவ வேண்டிய குதிர சம்பந்தி" என்றார் பெரிய வீட்டுக்காரர். "வவுத்த கீசி மூட்ட மாதிரி தச்சி அனுப்பிட்டான் மெட்ராஸ்ல. கொள்ளு குடுக்காதன்னு வேற சொன்னானாம். நான் உட்டனா? ஒரு மாசமா தெனிக்கும் ரெண்டு படி, நம்ம வூட்லருந்து. இன்னிக்கு வந்து பாருங்க அத. இவனுங்களுக்கு இன்னா தெரியும், பச்சப் புல்ல போட்டுக்கினு கெடந்தானுங்க."

இந்த இடத்தில் நான் துணிந்து ஒரு வாயில்லா ஜீவனைக் காப்பாற்றினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது அதுவல்ல. தலையில் புல்கட்டு, கழுத்தில் தண்ணீர், கையில் அரிவாள் கிழித்த காயம். ஒன்றரை மாதம் நான் செய்ததையெல்லாம் ஒரு மனிதர் சோடா குடித்துக்கொண்டே தன் பெயரில் எழுதிக்கொண்டிருந்தார். பொறுக்கவில்லை. பெருமை போகிறதே என்றுதான் வாயைத் திறந்தேன்.

"அது ஒரு நாளும் கொள்ளு துன்னல."

யாரோ சின்னப் பிள்ளை உளறுகிறது என்பது போலத் திரும்பினார்கள்.

"நான் குடுக்கவே இல்ல. ஆட்டுக்குப் போட்டுட்டேன். எல்லாத்தையும் ஆடுதான் துன்னுச்சி. குதிர புல்லு மட்டுந்தான் துன்னுச்சி. அதுமேல ஏறுனா தையலு புட்டுக்கும்னு டாக்டர் எழுதிக்கீறாரு."

சம்பந்தி சோடாவைக் கீழே வைத்தார். அவருக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு குலுங்கியது.

"அப்ப மாப்ளய ஆட்டுமேல ஏத்திடலாம் சம்பந்தி! அதுதான் நல்லா தெம்பா இருக்கும்!"

பெண் வீட்டார் முழுக்கச் சிரித்தார்கள். அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தவர்கள்கூடச் சிரித்தார்கள். பெரிய வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் காது மடல் சிவந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அவர் எழுந்திருக்கும் முன் அப்பா திரும்பி என்னை அறைந்தார். புல்கட்டு பந்தல் காலில் போய் விழுந்தது. அவர்கள் கை படுவதற்குள் தன் கையால் அடித்து என்னைக் காப்பாற்றினார் என்று அம்மா பிற்பாடு விளக்கம் சொன்னாள். ஊரில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. எஜமானர் அடிப்பதற்குமுன் தகப்பன் அடித்துவிடுவது. அந்த விளக்கத்தை நான் இன்றுவரை வாங்கிக்கொள்ளவில்லை.

"அந்தக் குதிர எங்க வூட்டுக் கல்யாணத்துல கால் வைக்கக்கூடாது" என்றார் பெரிய வீட்டுக்காரர். "இனிமே வாய்க்கா பக்கம் எவனாச்சும் அரிவா எடுத்துக்கினு வந்தா கைய ஒடைப்பேன். போடா."

ஆக, குதிரை தப்பித்தது. டாக்டரின் தாளினால் அல்ல, மகளின் கெஞ்சலால் அல்ல, யாருக்கும் புத்தி வந்ததால் அல்ல. ஒரு பெரிய மனிதர் தன் சம்பந்தி முன்னால் அவமானப்பட்டதால். நியாயம் எங்கள் ஊருக்கு நேர் வழியில் வந்து நான் பார்த்ததில்லை.

முழுக்கத் தப்பித்தது என்றும் சொல்லிவிட முடியாது. மறுநாள் சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, மாப்பிள்ளை அழைப்பு காரில் கிளம்பியது. வாய்க்கால் கரையோடு போகிற பாதையில் வர வேண்டிய தேவையே இல்லை. எங்கள் தெரு பார்க்கட்டும் என்றே அந்த வழியாக விட்டார்கள். பேண்டு செட்டு முழு மூச்சில் வாசித்துக்கொண்டு வந்தது.

முதல் அடி விழுந்ததும் கொட்டகைக்குள் குதிரையின் காது நிமிர்ந்தது. வலது முன்னங்கால் உயர்ந்தது. இடது உயர்ந்தது. கட்டிய கயிறு முறுக்கிக்கொண்டு நின்றது. எழும்பப் போகிறது என்று தெரிந்தது.

அப்பா அன்று காலையிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது ஒரே பாய்ச்சலாக உள்ளே வந்தார். தலைத்துண்டை அவிழ்த்து அதன் காதுகளைச் சேர்த்துக் கட்டினார். தோளை அதன் மார்பில் கொடுத்து முட்டிக்கொண்டு நின்றார். "காலத் தூக்கிப் புடிடி! மடக்கி! வுடாத!"

முன்னங்கால் ஒன்றை மடக்கிப் பிடித்துக்கொண்டால் குதிரையால் எழும்ப முடியாது. லாடம் அடிக்கும்போது அப்படித்தான் பிடிப்பார்கள். நான் மண்ணில் உட்கார்ந்து அதன் காலை மடக்கி இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டேன். அம்மா வயிற்றுக் கட்டைக் கீழிருந்து தாங்கிப் பிடித்தாள். வெளியே வேட்டு வெடித்தது. குதிரையின் உடம்பு முழுக்க ஓர் உதறல். அது என் கை வழியாக என் பல் வரைக்கும் வந்தது. வேர்வை என் தலையில் சொட்டியது. அப்பா அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, "அடிக்க மாட்டேன், அடிக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என்னிடம் சொல்லவில்லை, குதிரையிடம்.

பேண்டு மெதுவாகத்தான் போனது. எங்கள் தெரு முனையில் நின்று ஒரு பாட்டு முழுதாக வாசித்துவிட்டுப் போனது.

சத்தம் ஓய்ந்தபின்தான் அப்பா தோளை எடுத்தார். குனிந்து வயிற்றுக் கட்டுக்குள் கையை விட்டு, தையல் நெடுகத் தடவினார். கையை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஈரமில்ல" என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் குதிரை ஒன்பது வருஷம் இருந்தது. தன் வீட்டுக் கொள்ளுதான் அதைக் காப்பாற்றியது, அந்தப் பொண்ணு பொய் சொல்கிறது என்று பெரிய வீட்டுக்காரர் கடைசிவரை ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார், பலர் நம்பினார்கள். ‘ஈரமில்ல’ என்று அப்பா சொன்னதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றாள் அம்மா. எனக்கு அது ஈரமில்லை என்று மட்டும்தான் கேட்டது.

அழைப்பு போன மறுநாள் விடிவதற்குள் அப்பா சைக்கிளை வெளியே எடுத்தார். வாய்க்கால் இல்லை என்றால் இனி செய்யாற்றுப் படுகைதான், நாலு மைல். கைப்பிடியில் ஒரு சாக்கு, ஓர் அரிவாள். நான் என் அரிவாளை எடுத்துக்கொண்டு போய்ப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அவர் இறங்கு என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. படுகையில் ஊற்று இருந்த இடத்தில் கொஞ்சம் புல் இருந்தது. அவர் அந்தப் பக்கம் அறுத்தார், நான் இந்தப் பக்கம் அறுத்தேன்.

என் கட்டுதான் பெரியது.